டிஃபரன்ஷியல் ஈக்வேஷனில் மாட்டிக்கிட்டீங்களா? யாரிடம், எப்படிக் கேட்பது?

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் ஒரு டீ வாங்குகிறீர்கள். டீயின் சூடு 90 டிகிரி, வெளிக்காற்று 30 டிகிரி. 5 நிமிடத்தில் டீ 70 டிகிரிக்கு இறங்கிவிட்டது. 10-வது நிமிடத்தில் எவ்வளவு இருக்கும்?

‘50’ என்று சட்டெனச் சொல்லத் தோன்றும். சரியான விடை சுமார் 57.

ஏன் 57?

நியூட்டனின் குளிர்வு விதிப்படி, டீ ஆறும் வேகம் டீக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. அந்த வித்தியாசம் முதலில் 60, 5 நிமிடம் கழித்து 40. அதாவது மூன்றில் இரண்டு பங்காகிவிட்டது. அடுத்த 5 நிமிடத்தில் அந்த 40-ம் மூன்றில் இரண்டு பங்காகும்: சுமார் 27. காற்றின் 30-ஐக் கூட்டினால் 57. இப்படி, ஒன்று மாறும் வேகத்தைச் சொல்லி அதன் மதிப்பைக் கேட்பதுதான் வகைக்கெழுச் சமன்பாடு.

எங்கே மாட்டுகிறோம்?

‘டிஃபரன்ஷியல் ஈக்வேஷனே வரல’ என்பவர்கள் பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றில்தான் நிற்பார்கள். கேள்வியைச் சமன்பாடாக எழுதுவது, அதை இன்டக்ரேட் செய்வது, கடைசியில் ‘சி’ என்ற மாறிலியைக் கண்டுபிடிப்பது. நீங்கள் நிற்கும் இடம் எது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

உதவி எங்கே கிடைக்கும்?

பிளஸ் 2 வரை டியூஷன் தெருவுக்குத் தெரு உண்டு. கல்லூரிக் கணக்குக்கு அப்படி இல்லை. ஆரணி அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியில் படித்தாலும், திருவண்ணாமலை அரசு கலைக் கல்லூரியில் படித்தாலும், வேலை பார்த்துக்கொண்டே கேட் தேர்வுக்குத் தயாரானாலும் கைகொடுப்பவை இவை:

• தமிழக அரசின் பிளஸ் 2 கணிதம், தொகுதி 2, 10-வது பாடம். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் இலவசமாக டவுன்லோடு செய்யலாம். தமிழ் வழியில் படித்தவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், ‘தொகையிடல்’தான் ‘இன்டக்ரேஷன்’ என்பது பிடிபடும். பாதி பயம் வார்த்தைகளால் வருவதுதான்.

• 2003-ல் ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் தொடங்கிய என்பிடெல். வீடியோக்கள் இலவசம். சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் கட்டணம்.

• அடிப்படையே ஆடுகிறது என்றால் கான் அகாடமி. இதுவும் இலவசம்.

• ஏஐ செயலிகள். போட்டோ எடுத்துப் போட்டால் முழு விடையையும் கொட்டிவிடும். சில நேரம் தப்பாகவும் சொல்லும். ‘அடுத்த ஸ்டெப்புக்கு ஒரு குறிப்பு மட்டும் கொடு’ என்று கேளுங்கள்.

எப்படிக் கேட்பது?

‘சார், இந்த சம் போட்டுத் தாங்க’ என்றால் ஒரு விடைதான் கிடைக்கும். ‘இன்டக்ரேட் பண்ற வரைக்கும் வந்துட்டேன் சார், ‘சி’ எப்படி எடுக்கிறதுன்னு தெரியல’ என்று கேளுங்கள். நீங்கள் போட்ட பக்கத்தையும் காட்டுங்கள். இரண்டே நிமிடத்தில் உங்கள் தவறு தெரிந்துவிடும். பரபரப்பில் இருக்கும் பேராசிரியர்கூட அதற்கு நேரம் ஒதுக்குவார்.

விடை சரியா என்று பார்ப்பது எப்படி?

இந்தக் கணக்கின் பெரிய வசதி, விடையை நீங்களே சோதிக்கலாம் என்பது. கிடைத்த விடையை வகையிட்டு, பழைய சமன்பாட்டில் போடுங்கள். இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும். நேரம் பூஜ்யம் என்று வைத்தால் தொடக்க மதிப்பு, டீக்கு 90, வர வேண்டும். கடைசியாக நடைமுறை அறிவு: பல மணி நேரம் கழித்து டீ 30 டிகிரியில் நிற்க வேண்டும். உங்கள் விடை அதற்கும் கீழே போனால் எங்கேயோ தப்பு.

அரியர் இருந்தால் கேம்பஸ் இன்டர்வியூவில் உட்காரவே பல கம்பெனிகள் விடுவதில்லை. தேர்வு ஹாலில் போனும் கிடையாது, நண்பனும் கிடையாது. அதனால் இன்று யாரிடம் உதவி வாங்கினாலும், நோட்டை மூடிவிட்டு அதே கணக்கை நாளை காலை தனியாக ஒருமுறை போட்டுப் பாருங்கள். வந்துவிட்டால், அது உங்களுடையது.