தோல் டிரம்மும் வர்க்கமூலச் சமன்பாடும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் பதனிடும் ஆலைகளில், கிடைமட்ட அச்சில் சுழலும் பெரிய மர டிரம்கள் முதன்மையான இயந்திரங்களாகும். டிரம்மின் உட்சுவரில் பொருத்தப்பட்ட மரமுளைகள், குரோம் உப்புக் கரைசலில் கிடக்கும் தோல்களைத் தூக்கிச் சென்று மேலிருந்து விழவிடுவதால், அவை மடங்கியும் விரிந்தும் கரைசலை உள்வாங்குகின்றன. வேகம் அளவுக்கு மீறினால் தோல்கள் விழாமல் சுவரோடு ஒட்டியே சுழலும்; அந்த எல்லை வேகம் மாறுநிலை வேகம் எனப்படும்.

டிரம்மின் உச்சியில் தோலை வட்டப்பாதையில் நிறுத்தத் தேவையான முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமாகும்போது இந்நிலை தோன்றுகிறது என்று எளிமையாகக் கொண்டால், பின்வரும் சமன்பாடு கிடைக்கும்.

வே = 42.3 ÷ √வி

இதில் 'வே' என்பது நிமிடத்துக்கான சுற்றுகளையும் 'வி' என்பது மீட்டரில் அளந்த விட்டத்தையும் குறிக்கும். விட்டம் 3 மீட்டரானால் மாறுநிலை வேகம் சுமார் 24 சுற்று. பதனிடும் டிரம்கள் இதற்கு வெகுவாகக் குறைந்த வேகத்திலேயே இயக்கப்படுகின்றன.

விட்டம் தெரிந்து வேகத்தைக் காண்பது வெறும் வகுத்தலே. வேகம் தெரிந்து விட்டத்தைக் காண முற்படும்போதுதான், தெரியாத எண் மூலக்குறிக்குள் அமைந்து, இது வர்க்கமூலச் சமன்பாடாகிறது. மாறுநிலை வேகம் 21.15 எனில், மூலத்தை ஒரு பக்கத்தில் தனித்து நிறுத்தினால் √வி = 2 என்றாகும்; இருபுறமும் வர்க்கப்படுத்தினால் வி = 4 மீட்டர். தனித்து நிறுத்தாமல், √க + 3 போன்ற கோவையை வர்க்கப்படுத்தினால் க + 6√க + 9 என விரிந்து, மூலம் நீங்காமல் எஞ்சும்.

வர்க்கப்படுத்துதலால் ஒரு தீங்கும் உண்டு: 2, −2 இரண்டின் வர்க்கமும் 4 ஆதலால், குறி பற்றிய செய்தி அழிந்துவிடுகிறது. விட்டமும் வேகமும் மிகை எண்களே என்பதால் டிரம் கணக்கில் இது இடையூறு செய்வதில்லை; தெரியாத எண் மூலத்தின் உள்ளும் புறமும் அமைந்த √(க + 6) = க போன்ற சமன்பாட்டிலோ இடையூறு வெளிப்படும். இதனை வர்க்கப்படுத்த, க² − க − 6 = 0 என்றாகி, 3, −2 என இரு விடைகள் தோன்றும். 3 பொருந்தும், −2 ஐ இட்டால் இடப்புறம் 2, வலப்புறம் −2. மூலக்குறி எப்போதும் குறையற்ற எண்ணையே குறிக்குமாதலால் −2 போலித் தீர்வாகும்; உண்மையில் அது √(க + 6) = −க என்னும் வேறொரு சமன்பாட்டின் தீர்வு. இரு சமன்பாடுகளும் வர்க்கப்படுத்திய பின் ஒன்றாகிவிடுவதால், எது எதற்குரியது என்பதைத் தொடக்கச் சமன்பாட்டில் இட்டுப் பார்த்தே அறிய முடியும். எனவே சரிபார்த்தலும் இங்குத் தீர்வு காணும் முறையின் ஒரு படியே ஆகும்.