மூன்றாம் நாள் இரவு: தாய்ப்பாலா, பால்மாவா?

பிரசவம் முடிந்த மூன்றாம் நாள் இரவு. குழந்தை விடாமல் அழுகிறது. மார்பில் வைத்தால் சிறிது நேரம் சப்புகிறது. விலக்கினால் மீண்டும் அழுகிறது. அறுவைச் சிகிச்சையின் வலியோடு தாய் தலையணையில் சாய்ந்திருக்கிறாள். அருகில் இருக்கும் பாட்டி மருமகனைப் பார்த்துச் சொல்கிறார்: "மாப்ள, புள்ளைக்குப் பால் பத்தலை போல இருக்கு. கடையில ஒரு பவுடர் டப்பா வாங்கிட்டு வாங்க." அவரும் மருந்துக்கடையை நோக்கிப் புறப்படுகிறார்.

செட்டிகுளமானாலும் சென்னையானாலும் மகப்பேற்றுப் பிரிவுகளில் இக்காட்சி புதிதன்று. குழந்தைக்குத் தாய்ப்பாலா, பால்மாவா என்னும் முடிவு பெரும்பாலும் அமைதியாக அமர்ந்து ஆராய்ந்து எடுக்கப்படுவதில்லை. இத்தகைய ஓர் இரவில், அச்சத்தின் பிடியில் எடுக்கப்படுகிறது. அந்த அச்சம் எப்போது தேவையற்றது, எப்போது உண்மையானது என்பதைத் தாயும் குடும்பத்தாரும் முன்கூட்டியே அறிந்திருந்தால் முடிவு தெளிவாக அமையும். அதற்காகவே இக்கட்டுரை.

புள்ளிவிவரம் உணர்த்துவது

2019-21 ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில் நிகழ்கின்றன. இது பெருமைக்குரியது. ஆனால் ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பாலை மட்டுமே அருந்துவோர் நம் மாநிலத்தில் ஏறத்தாழ 55 விழுக்காட்டினரே. நாட்டின் சராசரியோ ஏறத்தாழ 64 விழுக்காடு. மருத்துவமனைப் பிரசவத்தில் முன்னணியில் நிற்கும் நாம், இதில் பின்தங்கியிருக்கிறோம்.

நம் மாநிலத்தில் ஏறத்தாழ 45 விழுக்காட்டுப் பிரசவங்கள் அறுவைச் சிகிச்சை வழியே நிகழ்வதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அறுவைச் சிகிச்சைக்குப் பின் தாய்ப்பால் பெருகச் சற்றுத் தாமதமாகலாம். அந்த இடைவெளியில்தான் பல வீடுகளில் பால்மாவு நுழைகிறது.

முதல் நாட்களில் நடப்பது என்ன?

பிறந்த முதல் இரண்டு மூன்று நாட்களில் சுரப்பது சீம்பால். அது மஞ்சள் நிறத்தில், கெட்டியாக, சிறிதளவே இருக்கும். அளவு குறைவு என்பதால் அது போதாது என்று பொருளன்று. பிறந்த குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது. சில கரண்டி சீம்பாலே ஒரு வேளைக்குப் போதும். நோய் எதிர்ப்புப் பொருட்கள் நிறைந்திருப்பதால் அது குழந்தைக்குக் கிடைக்கும் முதல் பாதுகாப்பும் ஆகிறது. அதனைக் கெட்ட பால் என்று கருதிப் பீச்சிக் கொட்டிவிடும் வழக்கம் தவறானது.

இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் பால் பெருகத் தொடங்கும். முதற்பிரசவம், அறுவைச் சிகிச்சை, நீரிழிவு ஆகிய காரணங்களால் இது மேலும் ஓரிரு நாட்கள் தள்ளிப்போகலாம். பால் சுரப்பின் விதி எளியது: குழந்தை எவ்வளவு சப்பி எடுக்கிறதோ, அதற்கேற்பவே உடல் பாலை உண்டாக்குகிறது. பால் சுரக்கத் தூண்டும் இயக்குநீர் (ஹார்மோன்) இரவில் மிகுதியாகச் சுரப்பதால், இரவுப் பாலூட்டலைத் தவிர்க்கக் கூடாது.

தேவையின்றிக் கொடுக்கும் பால்மாவு இந்த விதியைத்தான் குலைக்கிறது. வயிறு நிறைந்த குழந்தை நெடுநேரம் உறங்குகிறது; மார்பில் சப்புவது குறைகிறது; சப்புவது குறைந்ததால் சுரப்பும் குறைகிறது. மறுநாள் "பார்த்தாயா, உனக்குப் பாலே இல்லை" என்ற சொல் உண்மையாகிவிடுகிறது. இல்லாத குறையை நாமே உண்டாக்கிவிடுகிறோம்.

பால் போதுமா என்பதை அறிவது எப்படி?

அழுகை ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. குளிர், ஈரத்துணி, வயிற்று உப்புசம், தாயின் அணைப்பை நாடுதல் எனக் குழந்தை அழப் பல காரணங்கள் உண்டு. மார்பு மென்மையாக இருப்பதும், பீச்சிப் பார்த்தால் சில துளிகளே வருவதும் பால் இல்லை என்பதற்குச் சான்றுகள் அல்ல. கீழ்க்காணும் அடையாளங்களே நம்பத்தக்கவை.

சிறுநீர்: முதல் நாள் ஒரு முறையேனும், இரண்டாம் நாள் இருமுறையேனும், மூன்றாம் நாள் மும்முறையேனும் சிறுநீர் கழிக்க வேண்டும். ஐந்தாறு நாட்களுக்குப் பின் ஒரு நாளில் குறைந்தது ஆறு துணிகள் நன்றாக நனைய வேண்டும்.

மலம்: கரிய நிறத்தில் தொடங்கி, பச்சை கலந்து, ஐந்தாம் நாளளவில் மஞ்சளாக மாற வேண்டும்.

எடை: முதல் சில நாட்களில் சிறிது எடை குறைவது இயல்பு. இரண்டு வாரங்களுக்குள் குழந்தை தன் பிறப்பு எடையை மீண்டும் எட்டிவிட வேண்டும்.

பாலூட்டும் வேளைகள்: ஒரு நாளில் 8 முதல் 12 முறை. ஊட்டும்போது குழந்தை விழுங்கும் ஒலியை நீங்கள் கேட்கலாம்.

இவை சரியாக இருந்தால், குழந்தை எத்தனை முறை அழுதாலும் பால் போதுகிறது என்றே கொள்ளலாம்.

மாறாக, சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை சோர்ந்து பாலருந்த எழாமல் உறங்கிக்கொண்டே இருந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, உடல் மஞ்சளாகிக்கொண்டே போனாலோ, எடை பத்து விழுக்காட்டிற்கு மேல் குறைந்தாலோ காத்திருக்கக் கூடாது. மருத்துவமனையில் இருந்தால் உடனே செவிலியரை அழையுங்கள். வீடு திரும்பியபின் என்றால் 108 ஊர்தியை அழையுங்கள். "தாய்ப்பால்தான் கொடுக்கிறோமே" என்ற நம்பிக்கையில் இந்த அறிகுறிகளைக் கவனியாது விடுவதும் ஆபத்தே.

பிடிப்புச் சரியாக இருக்கிறதா?

பால் போதாமைக்கு அடிக்கடி காணப்படும் காரணம், குழந்தை மார்பைப் பற்றும் முறை சரியில்லாமையே. குழந்தையின் உடல் முழுதும் தாயை நோக்கியிருக்க வேண்டும். வாய் அகலத் திறந்து, காம்பை மட்டுமன்றிச் சுற்றியுள்ள கருவளையத்தின் பெரும்பகுதியையும் கவ்வ வேண்டும். கீழுதடு வெளிப்புறம் மடிந்து, தாடை மார்பைத் தொட வேண்டும். ஊட்டும் நேரம் முழுதும் வலித்தால் பிடிப்புத் தவறு என்று பொருள். சுண்டுவிரலை வாயோரம் நுழைத்து மெல்ல விடுவித்து, மீண்டும் வைக்க வேண்டும். அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட தாய், ஒருக்களித்துப் படுத்தபடியோ, குழந்தையின் கால்கள் தன் முதுகுப்புறம் செல்லுமாறு கைக்கு அடியில் இடுக்கிக்கொண்டோ ஊட்டினால் தையலில் அழுத்தம் விழாது. இதனைச் செவிலியரிடம் நேரில் காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்வதில் கூச்சம் வேண்டா.

பால்மாவு தேவைப்படும் வேளைகள்

சில சூழல்களில் பால்மாவு உண்மையாகவே தேவைப்படுகிறது. தாய் புற்றுநோய்க்கான சில மருந்துகளைப் பெற்றுவரலாம். பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்க இயலாத அரிய பிறவிக்குறை குழந்தைக்கு இருக்கலாம். அதற்குத் தனிவகைப் பால்மாவு வேண்டும். குழந்தையின் இரத்தச் சர்க்கரையோ எடையோ மிகவும் குறைந்து, தாயிடமிருந்து பீச்சிய பாலும் போதாமல் போகலாம். அப்போது வேறு பாலை மருத்துவர் சில நாட்களுக்குப் பரிந்துரைக்கக்கூடும். தாய்ப்பால் வங்கி உள்ள பெரிய மருத்துவமனைகளில் கொடைப்பாலும் கிடைக்கும்.

தாய்க்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பின், மருந்தைத் தவறாது உட்கொண்டபடி பாலூட்டுவதா, மாற்றுப்பால் தருவதா என்பதை ஏ.ஆர்.டி. மைய மருத்துவருடன் கலந்து முடிவு செய்ய வேண்டும். முதல் ஆறு மாதங்களில் இரண்டையும் கலந்து கொடுத்தல் தவிர்க்கப்பட வேண்டும். ஆனால் சளி, சாதாரணக் காய்ச்சல் போன்றவை பாலூட்டலை நிறுத்தக் காரணங்கள் அல்ல.

முயன்றும் இயலாத தாயும், தன் சூழலால் பால்மாவைத் தேர்ந்த தாயும் குற்றவாளிகள் அல்லர். அவர்களுக்குத் தேவை பாதுகாப்பாகக் கொடுக்கும் முறை.

பால்மாவு கிருமியற்ற பொருள் அன்று. எனவே கொதிக்க வைத்த நீர் நன்கு சூடாக, அதாவது 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருக்கும்போதே மாவைக் கலக்க வேண்டும். கொதித்த நீரை அரை மணி நேரத்துக்கு மேல் ஆற விடக் கூடாது. பின்னர்ப் பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு துளி விட்டுச் சூடு பார்த்து ஊட்ட வேண்டும். கலந்த பாலை இரண்டு மணி நேரத்திற்குள் கொடுத்துவிட வேண்டும்; குழந்தை குடித்து மிஞ்சியதை மறுபடி கொடுக்கக் கூடாது. மாவிற்கும் நீருக்குமான அளவு, டப்பாவில் உள்ளபடியே இருக்க வேண்டும். டப்பா விரைவில் தீர்ந்துவிடுகிறது என்று நீரைக் கூட்டிக் கலப்பது, குழந்தையின் வயிற்றை நிரப்பி உடலைப் பட்டினி போடுவதற்கு ஒப்பாகும். ஒரு வயது நிறையும்வரை பசும்பால் தாய்ப்பாலுக்கோ பால்மாவிற்கோ ஈடாகாது.

புட்டியைவிட நம் பாட்டிமார் பயன்படுத்திய பாலாடையே சிறந்தது. புட்டியின் கழுத்திலும் ரப்பர்க் காம்பிலும் அழுக்குத் தங்கும். பாலாடையை எளிதாகக் கழுவிக் கொதிநீரில் இடலாம். குறைமாதக் குழந்தைகளுக்குப் பீச்சிய பாலைப் புகட்டவும் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் இன்றும் பாலாடை பயன்படுகிறது.

சட்டம் தரும் பாதுகாப்பு

பால்மாவு விற்பனையின் வேகம் தாய்மாரின் முடிவைத் திசைதிருப்புவதை உணர்ந்து, 1981ஆம் ஆண்டில் உலக சுகாதார சபை ஒரு பன்னாட்டு நெறிமுறையை ஏற்றது. இந்தியா 1992இல் இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றி, 2003இல் அதனை மேலும் வலுப்படுத்தியது. இதன்படி குழந்தைகளுக்கான பால்மாவையும் பால் புட்டியையும் விளம்பரம் செய்யக் கூடாது. தாய்மாருக்கு இலவச மாதிரி தரக் கூடாது. மருத்துவப் பணியாளருக்கு நிறுவனங்கள் பரிசோ பணமோ அளிக்கக் கூடாது. டப்பாவின் மேல் குழந்தையின் படமோ பெண்ணின் படமோ இடம்பெறக் கூடாது. ஆகவே, எவரேனும் உங்களிடம் ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் பெயரைச் சொல்லிப் பால்மாவு வாங்கச் சொன்னால், "இது ஏன் தேவை? எத்தனை நாட்களுக்கு?" என்று கேட்பது உங்கள் உரிமை.

வீட்டார் செய்ய வேண்டியவை

முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டா; மருத்துவர் எழுதித் தரும் மருந்துகளும் சொட்டு மருந்துகளும் மட்டுமே விலக்கு. பிறந்தவுடன் நாவில் வைக்கும் சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப் பால், கல்லில் உரைத்துப் புகட்டும் உரை மருந்து ஆகியவை அன்பினால் தரப்படுபவையே. ஆயினும் அவற்றின் வழியே கிருமிகள் செல்லக்கூடும். குறிப்பாகத் தேன், ஒரு வயதிற்கு உட்பட்ட குழந்தைக்கு அரிதாக நரம்புகளைத் தாக்கும் கடும் நோயை உண்டாக்க வல்லது. பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தின் சித்திரை வெயிலிலும் குழந்தைக்குத் தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு நீரே.

தண்ணீர் தேவைப்படுவது தாய்க்கு. பத்தியம் என்ற பெயரில் அவள் பருகும் நீரையும் உண்ணும் உணவையும் குறைத்தல் தகாது. பூண்டு, முருங்கைக்கீரை, பருப்பு, முட்டை, மீன் என வீட்டில் கிடைக்கும் சத்துள்ள எதையும் அவள் உண்ணலாம்.

வேலைக்குத் திரும்பும் தாயின் நிலையையும் எண்ண வேண்டும். நிறுவனங்களில் பணிபுரியும் பெண்களுக்கு முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பைச் சட்டம் அளிக்கிறது. வெங்காயம் பறிக்கவும் பருத்தி எடுக்கவும் கூலிக்குச் செல்லும் தாய்க்கு அந்த விடுப்பு இல்லை. தகுதியுள்ள ஏழைத் தாய்மாருக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம், பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்பிலான உதவியைத் தருகிறது. உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் விவரம் பெறுங்கள். வயலுக்குச் செல்லும் நாளில், கைகளை நன்கு கழுவிக்கொண்டு, கொதிநீரில் சுத்தம் செய்த மூடியுள்ள எவர்சில்வர் கிண்ணத்தில் பாலைப் பீச்சி வைத்துச் செல்லலாம். குளிர்ந்த நிழலிடத்தில் நான்கு மணி நேரம் வரை அது கெடாது. கோடையில் அதற்கும் முன்பே கொடுத்துவிடுவது நலம். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாள் வைக்கலாம். அடுப்பில் காய்ச்சாமல், கிண்ணத்தை வெந்நீரில் வைத்துச் சூடாக்கிப் பாலாடையால் புகட்டுங்கள்.

மீண்டும் அந்த மூன்றாம் நாள் இரவுக்கு வருவோம். மருந்துக்கடைக்குப் புறப்படும் முன் தந்தை மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். இன்று குழந்தை எத்தனை முறை சிறுநீர் கழித்தது? எடை எவ்வளவு குறைந்திருக்கிறது? பிடிப்பைச் செவிலியர் வந்து பார்த்தாரா? விடைகள் நல்லவையாக இருந்தால், பாட்டி தாயின் முதுகுக்கு ஒரு தலையணை வைத்து, பருக ஒரு குவளை நீர் கொடுத்து, "உனக்குப் பால் இருக்கிறதம்மா, மறுபடி வைத்துப் பார்" என்று சொல்லட்டும். விடைகள் நல்லவையாக இல்லையென்றால், நள்ளிரவானாலும் தயங்காமல் பணியிலிருக்கும் செவிலியரை அழையுங்கள். வீடு திரும்பியபின் எழும் ஐயங்களுக்கு 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை பெறலாம்.