அச்சும் ஆட்சியும் – 6: உரிமம் ஒழிந்த பிறகு

இந்தோனேசியாவில் 1966-இல் இயற்றப்பட்ட பத்திரிகைச் சட்டம், பத்திரிகைகளுக்குத் தணிக்கையும் இல்லை, தடையும் இல்லை என்று சொன்னது. அதிபர் சுகார்தோவின் ஆட்சி அந்த வாசகத்தை அழிக்கவில்லை. அதைச் செல்லாக்காசாக்கும் வழியைக் கண்டுபிடித்தது. 1982-இல் வந்த திருத்தம், பத்திரிகை நடத்த உரிமம் கட்டாயம் என்றது. ‘சியூப்’ என்று சுருக்கி அழைக்கப்பட்ட அந்த உரிமத்தைக் கொடுப்பது செய்தித்துறை அமைச்சகம். 1984-இல் வந்த விதி, அதைப் பறிக்கும் அதிகாரத்தையும் அமைச்சருக்கே கொடுத்தது. விசாரணை இல்லை, நீதிமன்றம் இல்லை. ஒரு கையெழுத்துப் போதும். பத்திரிகை மூடப்படும், அதில் வேலை பார்த்தவர்கள் மறுநாள் தெருவில் நிற்பார்கள்.

இந்தப் பயம் இருந்தபோது தணிக்கை அதிகாரி எதற்கு? மாலையில் ஆசிரியர் மேசைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வரும். அமைச்சகத்திலிருந்தோ ராணுவத் தலைமையகத்திலிருந்தோ ஒரு குரல், இன்ன செய்தி வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும். எழுத்தில் எதுவும் இராது. பத்திரிகையாளர் சங்கம் என்று அரசு ஏற்றது ஒன்றே ஒன்றைத்தான். அதன் தலைவராக இருந்த ஹர்மோகோவே 1983 முதல் 1997 வரை செய்தித்துறை அமைச்சர். பத்திரிகைகளின் குறைகளைக் கேட்க வேண்டிய பத்திரிகைக் குழுவுக்கும் அமைச்சர்தான் தலைவர்.

1994 ஜூன் 21 அன்று ‘டெம்போ’, ‘எடிட்டர்’, ‘டெத்திக்’ ஆகிய மூன்று வார இதழ்களின் உரிமங்கள் ஒரே நாளில் பறிக்கப்பட்டன. டெம்போ செய்த குற்றம், முன்னாள் கிழக்கு ஜெர்மனியின் 39 போர்க்கப்பல்களை வாங்கியதில் அமைச்சர்களுக்குள் இருந்த விலைத் தகராறை எழுதியது. அதன் நிறுவன ஆசிரியர் குனாவன் முகமது அமைச்சர் மீதே வழக்குத் தொடர்ந்தார். கீழ் நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டிலும் வென்று, உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். தடை வந்த சில வாரங்களில், ஆகஸ்ட் 7 அன்று, இளம் பத்திரிகையாளர்கள் போகோர் அருகே சிர்னாகாலியில் கூடி ‘சுதந்திரப் பத்திரிகையாளர் கூட்டணி’யைத் தொடங்கினார்கள். உரிமம் இல்லாமலே அவர்கள் ஓர் இதழ் நடத்தினார்கள். அதற்காக மறு ஆண்டே அகமது தௌஃபிக், ஏக்கோ மர்யாடி இருவரும் சிறைக்குப் போனார்கள். எழுத்துக்கும் தலையங்கத்துக்கும் சம்பந்தமே இல்லாத அலுவலக உதவியாளரான ஓர் இளைஞரையும் அரசு விடவில்லை. அவரையும் சிறையில் அடைத்தது.

1998 மே 21 அன்று சுகார்தோ பதவி விலகினார். அடுத்து வந்த ஹபிபியின் அரசில் செய்தித்துறை ஒரு ராணுவ ஜெனரலிடம், யூனுஸ் யோஸ்ஃபியாவிடம், போனது. 1975-இல் கிழக்குத் திமோரின் பாலிபோவில் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிகளுக்காக வேலை பார்த்த ஐந்து பத்திரிகையாளர்கள் கொல்லப்பட்ட சம்பவத்தோடு அவர் பெயர் அப்போதே பேசப்பட்டது. அவர் தலைமையில் சென்ற படையே வேண்டுமென்று கொன்றதாக 2007-இல் நியூ சவுத் வேல்ஸ் மரண விசாரணை மன்றம் முடிவுக்கு வந்தது, அவர் மறுத்தார். அப்படிப்பட்டவர் கையால்தான் உரிம விதிகள் தளர்ந்தன. ஓர் ஆண்டுக்குள், ஏறத்தாழ முந்நூறாக இருந்த பத்திரிகைகள் ஆயிரத்து அறுநூறைத் தாண்டின. 1998 அக்டோபரில் டெம்போ மறுபடியும் கடைகளுக்கு வந்தது.

1999 செப்டம்பர் 23 அன்று நிறைவேறிய 40-ஆம் எண் பத்திரிகைச் சட்டம்தான் இந்த மாற்றத்தின் அடித்தளம். உரிமம் ஒழிந்தது. தணிக்கை, தடை இரண்டையும் சட்டம் விலக்கியது. செய்தியாளர் பணியைத் தடுப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 50 கோடி ரூப்பியா வரை அபராதம். செய்தி தந்தவரின் பெயரை வெளியிட மறுக்கும் உரிமையும் கிடைத்தது. ஆனால் அந்தச் சட்டத்தில் அதிகம் கவனிக்க வேண்டிய இடம் வேறு. பத்திரிகை தவறு செய்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அது புதிய பதில் சொன்னது: பாதிக்கப்பட்டவர் மறுப்பு அனுப்பலாம், பத்திரிகை அதை வெளியிட்டே ஆக வேண்டும், வெளியிடாவிட்டால் அபராதம். தகராறு தீராவிட்டால் பத்திரிகைக் குழுவுக்குப் போகலாம். அந்தக் குழுவில் அமைச்சருக்கு இடம் இல்லை. பத்திரிகையாளர்கள், நிறுவனத்தார், பொதுவாழ்வில் உள்ளோர் என மூன்று தரப்பும் உட்காரும். 1974-இல் தடைசெய்யப்பட்ட ‘இந்தோனேசியா ராயா’ நாளிதழில் பணியாற்றிய அத்மகுசுமாவே அதன் முதல் தலைவர். 1999 அக்டோபரில் அதிபரான அப்துர்ரஹ்மான் வாஹித் ஒரு படி மேலே போய், செய்தித்துறை அமைச்சகத்தையே கலைத்தார்.

தடை போனதும் தகுதி தானாக வந்துவிடவில்லை. திடீரென்று முளைத்த ஆயிரத்துச் சொச்சம் பத்திரிகைகளுக்குப் பயிற்சி பெற்ற நிருபர்கள் எங்கிருந்து கிடைப்பார்கள்? நேற்று வேலைக்குச் சேர்ந்தவர் இன்று அமைச்சரைப் பேட்டி காணப் போனார். சம்பளம் சொற்பம், சில இடங்களில் அதுவும் இல்லை. செய்தியாளர் சந்திப்பு முடிந்ததும் கைமாறும் ‘அம்ப்ளோப்’, தமிழ்நாட்டுச் செய்தியாளர்கள் ‘கவர்’ என்று சொல்லும் அதே உறை, சுகார்தோ காலத்திலிருந்தே தொடர்ந்து வந்தது. எந்தப் பத்திரிகையிலும் இல்லாமல் அடையாள அட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஊராட்சித் தலைவர்களையும் பள்ளித் தலைமையாசிரியர்களையும் மிரட்டிப் பணம் பறிப்போருக்கு, ஒரு தலைவலி மாத்திரையின் பெயரையொட்டி, ‘போட்ரெக்ஸ்’ நிருபர்கள் என்ற பட்டம் நிலைத்தது. உறை வாங்கக் கூடாது என்பதைச் சுதந்திரப் பத்திரிகையாளர் கூட்டணி தன் உறுப்பினர்களுக்கு விதியாக்கியது. 2006-இல் பல சங்கங்கள் சேர்ந்து ஏற்ற பொது நெறிமுறையிலும் அது இடம்பெற்றது. குறைந்த சம்பளம் என்ற வேர் அறுபடாதவரை, விதி நல்ல எண்ணமாகவே நிற்கும்.

பொறுப்பின்மைக்கு மிகக் கொடிய விலை கொடுத்த ஊர் மலுக்கு மாகாணத்தின் தலைநகரான அம்போன். 1999 ஜனவரி 19, ஈகைத் திருநாளன்று, பேருந்து தொடர்பான ஒரு சிறு தகராறில் கிளம்பிய நெருப்பு முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே பெருங்கலவரமாக மூண்டு, ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. நகரம் இரண்டாகப் பிளந்தது. ‘சுவாரா மலுக்கு’ நாளிதழின் அலுவலகம் கிறிஸ்தவர் பகுதியில் இருந்ததால் அதன் முஸ்லிம் நிருபர்களால் வேலைக்கு வர முடியவில்லை. அவர்களைக் கொண்டு அதே ‘ஜாவா போஸ்’ குழுமம் மறுபக்கத்தில் ‘அம்போன் எக்ஸ்பிரஸ்’ என்ற நாளிதழைத் தொடங்கியது. விளைவை ஊகிப்பது கடினமல்ல. ஒவ்வொரு நாளிதழுக்கும் ஒரு பக்கத்து வாசகர், ஒரு பக்கத்து நிருபர், ஒரு பக்கத்துச் சாட்சி. தன் பக்கத்துப் பிணங்களும் எரிந்த வீடுகளும் மட்டுமே அச்சில் வந்தன. எதிர்ப்பக்கத்தில் நடந்ததைக் கேட்டறிய ஆள் இல்லை. கேட்டாலும் வெளியிடத் துணிவு இல்லை. முஸ்லிம் ஆயுதக் குழுவான லஸ்கர் ஜிஹாத்தின் வானொலி எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றியது.

இதில் நிருபர்கள் எல்லோரும் பொய்யர்கள் அல்லர். பலர் கண்ணால் கண்டதைத்தான் எழுதினார்கள். ஒரு கண்ணால் மட்டும் கண்டார்கள் என்பதே துயரம். 2001-இல் இரு தரப்புப் பத்திரிகையாளர்களும் சேர்ந்து ‘மலுக்கு ஊடக மையம்’ அமைத்தபோது இந்த நிலை மாறத் தொடங்கியது. எதிர்ப்பக்கத்தில் நடந்ததை அந்தப் பக்கத்து நிருபரிடமே கேட்டுச் சரிபார்க்க வழி பிறந்தது. எந்த அரசாணையும் செய்யாத வேலை இது.

பொறுப்பைக் கேட்பவரின் கையில் தடி இருக்கும் ஆபத்தும் நீங்கவில்லை. ஜகார்த்தாவின் தானா அபாங் சந்தை தீப்பிடித்தது பற்றி 2003 மார்ச்சில் டெம்போ எழுதிய கட்டுரையில் ஒரு பெருந்தொழிலதிபரின் பெயர் வந்தது. ஒரு கும்பல் டெம்போ அலுவலகத்தைத் தாக்கியது. தொழிலதிபர் பத்திரிகைக் குழுவின் வழியில் நிற்காமல் வழக்குக்குப் போனார். நீதிமன்றமும் 1999 சட்டத்தை ஒதுக்கிவிட்டுக் குற்றவியல் சட்டப்படி ஆசிரியர் பம்பாங் ஹரிமூர்த்திக்கு 2004 செப்டம்பரில் ஓராண்டுச் சிறை விதித்தது. 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்து, பத்திரிகை வழக்குகளில் பத்திரிகைச் சட்டத்துக்கே முதலிடம் என்ற நிலையை எடுத்தது. ஆனால் 2008-இன் மின்னணுத் தகவல் சட்டம் இணையத்தில் வரும் எழுத்துக்கு அவதூறுக் குற்றத்தை மறுபடியும் கொண்டுவந்தது. அச்சில் மூடிய கதவு திரையில் திறந்தது.

அடியும் கொலையும் தனிக்கணக்கு. யோக்யகர்த்தாவின் ‘பெர்னாஸ்’ நிருபர் ஃபுவாத் முகமது சியாஃப்ருதீன் 1996 ஆகஸ்டில் வீட்டிலேயே தாக்கப்பட்டு இறந்தார். கொன்றவர் இன்றுவரை தண்டிக்கப்படவில்லை. பாலியின் ‘ராடார் பாலி’ நிருபர் பிரபங்சா 2009-இல் கொல்லப்பட்ட வழக்கில் ஆயுள் தண்டனை கிடைத்தது. அதைக் குறைத்து அதிபர் பிறப்பித்த ஆணையை, பத்திரிகையாளர்கள் போராடி 2019 பிப்ரவரியில் திரும்பப் பெற வைத்தார்கள். முதலாளிகள் கட்சித் தலைவர்களாகவும் இருந்த தொலைக்காட்சிகளின் நிலை வேறு. 2014 அதிபர் தேர்தல் நாளன்று ‘மெட்ரோ டிவி’யும் ‘டிவி ஒன்’னும் வெவ்வேறு வேட்பாளர்களை முன்னிலையில் காட்டின.

2024-இல் வெளிவந்த ஒலிபரப்புச் சட்டத் திருத்த வரைவு பழைய கேள்வியை மறுபடி கிளறியது. தொலைக்காட்சியில் பிரத்யேகப் புலனாய்வுச் செய்திகளைத் தடுக்கும் விதி அதில் இருந்தது. ஒளிபரப்பில் எழும் செய்தித் தகராறுகளைத் தீர்க்கும் பொறுப்பை ஒலிபரப்பு ஆணையத்துக்குக் கொடுக்கவும் அது முயன்றது. அந்த ஆணையத்தின் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பது நாடாளுமன்றம். செய்தியின் தவறை எடைபோடும் தராசு அரசியல்வாதிகள் நியமிப்பவர் கைக்குத் திரும்புவதை ஏற்க மறுத்துப் பத்திரிகைக் குழுவும் சங்கங்களும் எதிர்த்தன. நிருபர்கள் தம் அடையாள அட்டைகளோடு தெருவுக்கு வந்தார்கள். வரைவின் மீதான விவாதம் தள்ளிவைக்கப்பட்டது.