மூட்டு நோவும் பாண் துண்டும்

குளிர்காலம் தொடங்கினால் போதும், எமது சிகிச்சை நிலையத்துக்கு வரும் தமிழர்களில் பலர் கைவிரலையோ முழங்காலையோ தடவிக்கொண்டுதான் வந்து அமர்வார்கள். "டொக்டர், இது குளிருக்கு வாற நோதானே?" என்று காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். தேய்மானம், விற்றமின் டி குறைவு, நாள் முழுவதும் நின்று செய்யும் வேலை என்று ஏதோவொன்று பெரும்பாலும் இருக்கத்தான் செய்யும். ஆனால் சிலருக்கு நோவின் வேர் மூட்டில் இல்லை, குடலில் இருக்கின்றது. அதைப் பற்றியே இம்முறை எழுதுகின்றோம்.

சில வருடங்களுக்கு முன்னர் நாற்பது வயதைத் தாண்டிய ஒரு சகோதரி எம்மிடம் வந்தார். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியுள்ளோம்.) கைவிரல்களிலும் முழங்கால்களிலும் நோ, ஓயாத களைப்பு. வலி மாத்திரையும் விற்றமின் டியும் கொடுத்து, உடல் எடையைக் குறைக்கும்படி சொல்லி அனுப்பினோம். இரண்டு வருடங்கள் இப்படியே போயின. இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்காக எடுத்தும் அவருடைய குருதிச்சோகை மாறவில்லை. அப்போதுதான் எமக்கு உறைத்தது. விழுங்கும் சத்து உடம்பில் சேரவில்லையென்றால் குடலைப் பார்க்க வேண்டாமா? இதனை நாம் முன்னரே யோசித்திருக்க வேண்டும்.

சீலியாக் நோய் என்றால் என்ன?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் பசைத்தன்மையான புரதம் உண்டு. பரம்பரையாக இதற்கு இடமுள்ள சிலரில், குளூட்டன் உள்ளே போனதும் உடலின் நோயெதிர்ப்புச் சக்தி தனது சிறுகுடலையே தாக்குகின்றது. உணவை உறிஞ்சும் சடைமுளைகள் தேய்ந்து மட்டமாகிவிடுகின்றன. இது ஒவ்வாமை அன்று; தொற்று நோயும் அன்று.

பாணுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவியவர் ஒல்லாந்து நாட்டுக் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே. 1944–45 பஞ்சக் குளிர்காலத்தில் பாண் கிடைக்காதிருந்த அனுபவம், கோதுமை மீது அவருக்கு ஏற்கனவே இருந்த சந்தேகத்தை வலுப்படுத்தியது. 1950இல் அதை ஆய்வேடாக வெளியிட்டார்.

பிரித்தானியாவில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. பலருக்கு அது தெரியாது. "இது வெள்ளைக்காரரின் வருத்தமல்லவா?" என்று கேட்பவர்கள் உண்டு. 2016இல் வெளியான இந்திய ஆய்வொன்றில் வட இந்தியாவில் 100 பேரில் ஒருவருக்குச் சற்று அதிகமாகவும், தென்னிந்தியாவில் 1000 பேரில் ஒருவருக்கும் இந்நோய் காணப்பட்டது. ஆனால் நோய்க்கு இடம்தரும் மரபணு இரு பகுதியினரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. பெரிய வேறுபாடு, உண்ணும் கோதுமையின் அளவில்தான். இங்கு வந்தபின் காலையில் பாண், மதியம் சான்ட்விச், இரவில் ரொட்டி என்று மாறிவிட்ட நாம் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

மூட்டு ஏன் நோகின்றது?

காரணங்கள் இரண்டு. கல்சியமும் விற்றமின் டியும் உறிஞ்சப்படாமையால் எலும்புகள் பலமிழந்து நோகின்றன. இந்நாட்டில் வெயில் குறைவு, எமது தோலோ கறுப்பு. ஆகவே விற்றமின் டி ஏற்கனவே எம்மில் குறைவு. இரண்டாவது, குடலில் தொடங்கிய அழற்சி சிலரில் மூட்டுகளிலும் நோவை உண்டாக்குகின்றது. வயிற்றோட்டமோ வயிற்று நோவோ இல்லாமலேயே இந்நோய் இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

மூட்டு நோவுடன் மாறாத குருதிச்சோகை, களைப்பு, வயிறு ஊதுதல், காரணமின்றி மெலிதல் என்பன இருந்தாலோ, தைரொய்ட் நோய் அல்லது முதலாம் வகை நீரிழிவு இருந்தாலோ, குடும்ப வைத்தியரிடம் இந்தக் குருதிப் பரிசோதனையைக் கேளுங்கள். மூட்டு வீங்கி, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால் அது வேறு வகை வாதமாகவும் இருக்கலாம். தாமதிக்காமல் காட்டுங்கள்.

பரிசோதனைக்கு முன் பாணை நிறுத்தாதீர்கள்

அந்தச் சகோதரியின் முதற் குருதிப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. "தங்கச்சி, இப்ப என்ன சாப்பிடுறீங்கள்?" என்று விசாரித்தோம். "மச்சாள் சொன்னவ எண்டு மூன்று மாசமா பாண், ரொட்டி ஒண்டும் தொடுறதில்லை, டொக்டர்" என்றார். இங்குதான் சிக்கல். குளூட்டனை விட்டுவிட்டால் குருதியிலுள்ள பிறபொருளெதிரிகள் குறைந்துவிடும். நோய் இருந்தும் இல்லையென்று முடிவு வரும். குறைந்தது 6 வாரங்களுக்கு, தினமும் ஒரு வேளைக்கு மேல் குளூட்டன் உள்ள உணவை உண்ட பின்னரே சோதிக்க வேண்டும்.

நோவும் களைப்பும் திரும்பி வர, அந்த 6 வாரங்களையும் அவர் கண்ணீருடன்தான் கடந்தார். இரண்டாவது பரிசோதனையில் நோய் தெரிந்தது. வைத்தியசாலையில் குழாய்க் கமரா மூலம் சிறுகுடலில் எடுத்த துணுக்கும் அதை உறுதிசெய்தது.

எமது சமையலறையில்

சிகிச்சை ஒன்றுதான்: வாழ்நாள் முழுவதும் குளூட்டன் அற்ற உணவு. சோறு, அரிசிமா, குரக்கன், தினை, சாமை, உளுந்து, பயறு, ஒடியல் மா, மரவள்ளி, மீன், இறைச்சி, மரக்கறி எல்லாமே இயல்பில் நல்லவை. ஒடியல் கூழுக்கு அரிசியும் மீனும் மரவள்ளியும் போதும். ஆனால் ஒளிந்திருக்கும் கோதுமையைக் கவனியுங்கள்:

– பிட்டு, இடியப்பம், முறுக்கு ஆகியவற்றுக்கு நாம் கலக்கும் அவித்த கோதுமை மா
– தோசை மாவில் சேர்க்கும் கோதுமை மா அல்லது ரவை
– ரவைக் கேசரி, சேமியாப் பாயசம்
– கோதுமை மா கலந்த பெருங்காயத்தூள், சோயா சோஸ், மோல்ட் பானங்கள்
– றோல்ஸ் பொரித்த எண்ணெயிலேயே பொரித்த வடை

மா வாங்கும்போது பொதியிலுள்ள விபரத்தை வாசியுங்கள். கோதுமை அரைத்த ஆலையிலேயே அரைத்த மாவில் கலப்பு இருக்கலாம். ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாத உணவே இங்கு 'குளூட்டன் அற்றது' என்று விற்கப்படலாம்.

பாணுக்கு விடியமுன் வரிசையில் நின்ற தலைமுறை நாம். ஒருவர் அன்போடு நீட்டும் தட்டை மறுப்பது எமக்கு எவ்வளவு கடினம் என்பது தெரியும். எனவே இந்நோயுள்ளவர் விருந்திலும் அன்னதானத்திலும் "எனக்கு வேண்டாம்" என்றால், "ஒரு துண்டு சாப்பிட்டால் என்ன?" என்று வற்புறுத்தாதீர்கள். அந்த ஒரு துண்டும் குடலைப் பாதிக்கும்.

அந்தச் சகோதரிக்கு முதலில் களைப்பு குறைந்தது. எட்டு மாதங்களில் விரல் நோ நின்றது. முழங்காலில் தேய்மானமும் இருந்தபடியால் அங்கு சிறிது நோ இன்றும் உண்டு. கோதுமையை விட்டால் எல்லா மூட்டு நோவும் போய்விடும் என்று எவரும் சொன்னால் நம்ப வேண்டாம். பெற்றோர், பிள்ளைகள், சகோதரர் போன்ற நெருங்கிய இரத்த உறவினரில் சுமார் 10 பேரில் ஒருவருக்கு இது வரக்கூடும் என்பதால் அவருடைய மகனையும் சோதித்தோம். வயதுக்கேற்ற உயரமில்லாத அந்தப் பிள்ளைக்கும் நோய் இருந்தது. வயிற்று நோ என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது தாயை விட உயர்ந்து நிற்கின்றான்.

உங்கள் மூட்டு நோவுக்குக் குளிரைக் குறை சொல்வதற்கு முன், ஒரு தடவை இந்தப் பரிசோதனை பற்றியும் கேட்டுப் பாருங்கள். அதுவரை பாணை நிறுத்தாதீர்கள்.