வேலிக்குள் ஒளிந்திருந்த ஒரு கிரவுண்டு

போன பொங்கலுக்குத் திருப்பனந்தாள் போனபோது பெரியப்பா ஒரு புகாரோடு காத்திருந்தார். பழைய பத்திரத்தில் 'ஒரு வேலி' என்றிருக்கும் நிலத்துக்குப் பட்டாவில் 2.67.50, அதாவது 2 ஹெக்டேர் 67.50 ஏர். பேரன் போன்ல போட்டுப் பார்த்ததில் ஒரு வேலிக்கு 2.70 ஹெக்டேர் வந்ததாம். "பக்கத்து வயல்காரன் வரப்பை நகர்த்திட்டான்டா" என்று முடிவே கட்டிவிட்டார். இரண்டு வருஷமாக அவரோடு பேச்சுவார்த்தை கிடையாது.

பேப்பரை எடுத்து உட்கார்ந்தேன்.

நம்ம பக்கத்துக் கணக்கில் 12 அடிக் கோலால் அளந்த ஒரு சதுரக் கோல் 1 குழி, 144 சதுர அடி. 100 குழி 1 மா, 20 மா 1 வேலி. (பழைய பின்ன வாய்பாட்டில் 'மா' என்றாலே இருபதில் ஒன்றுதான். காணி எண்பதில் ஒன்று. வேலியை 1 என்று வைத்துக்கொண்டு பின்னத்தின் பெயரையே நிலத்துக்கும் வைத்துவிட்டார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது.) ஆக, ஒரு வேலி 2,88,000 சதுர அடி.

சிக்கல், "மூணு மா ஒரு ஏக்கர்" என்று நாம் வாய்க்கு வசதியாகச் சொல்வதில் இருக்கிறது. மூன்று மா 43,200 சதுர அடி. ஏக்கரோ 43,560. அது இங்கிலாந்தில் 66 அடிக்கு 660 அடி என்று ஏர் உழும் கணக்கில் பிறந்த அளவு, நம்ம கோலுக்குச் சரியாக வர வேண்டிய அவசியமே இல்லை. ஏக்கருக்கு இரண்டரைக் குழி துண்டு விழுகிறது.

இணையத்தில் கிடைக்கும் '1 வேலி = 6.67 ஏக்கர்' இந்த மூணு மா கணக்கிலிருந்து வருவதுதான். 20-ஐ 3-ஆல் வகுத்தால் 2,90,400 சதுர அடி. வித்தியாசம் 2,400. சென்னைக்காரர்களுக்கு இந்த எண் தெரிந்திருக்கும், மிகச்சரியாக ஒரு கிரவுண்டு!

2,88,000 சதுர அடியை ஹெக்டேராக்கினால் 2.6756. பட்டா சரி.

ஒரு எச்சரிக்கை: கோல் ஊருக்கு ஊர் மாறும். சோழர் கல்வெட்டுகளிலேயே '16 சாண் கோல்' என்று கோலின் நீளத்தையும் சேர்த்துத்தான் வெட்டியிருக்கிறார்கள். காணி இன்னும் மோசம். வேலியில் எண்பதில் ஒன்று என்றால் 3,600 சதுர அடி, சென்னைப் பக்கத்துக் காணி 24 கிரவுண்டு, 57,600. உங்கள் பத்திரத்தைப் பார்க்கும்போது முதலில் கோலைக் கேளுங்கள்.

பெரியப்பா பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "அப்ப அவன்கிட்ட நான் என்னன்னுடா போய்ப் பேசறது?" என்றார்.