நாற்றங்காலில் பூனை, நரித் தொல்லை

கத்தரி, மிளகாய், தக்காளி நாற்று விடுகிறவர்களுக்கும் கீரைப் பாத்தி போடுகிறவர்களுக்கும் இந்த அனுபவம் புதிதல்ல. மாலையில் மண்ணைப் பொடியாக்கி, சமப்படுத்தி, விதை தூவிவிட்டு வருகிறோம். காலையில் போய்ப் பார்த்தால் பாத்தியின் நடுவில் இரண்டு மூன்று குழிகள், கிளறிய மண் ஒரு பக்கம் குவிந்து கிடக்கிறது, நாற்றம் வேறு. மறுநாள் இன்னோர் இடத்தில் அதே கதை. ஒரு வாரத்தில் பாத்தி சொட்டை சொட்டையாகிவிடும். வீரிய ரக விதையை விலை கொடுத்து வாங்கியவருக்கு இது சிறிய நஷ்டமல்ல.

இது பூனையின் வேலை. பூனை தன் கழிவை மண்ணில் புதைக்கும் பழக்கமுடையது. அதற்காக அது தேடுவது காய்ந்த, பொலபொலவென்ற மண். நாற்றங்காலுக்கு நாம் பக்குவப்படுத்தும் மண் இதற்கென்றே செய்தது போல அமைந்துவிடுகிறது. கீரை விதையோடு மணல் கலந்து தூவுகிறோமே, அது பூனைக்கு இன்னும் வசதி. ஒருமுறை போன இடத்தில் வாடை நிற்பதால் திரும்பவும் அங்கேயே வரும். எனவே இரவெல்லாம் விழித்திருந்து பூனையை விரட்டுவதில் பயனில்லை. அது கால் மடக்கி உட்கார முடியாதபடி பாத்தியை வைப்பதே வழி.

விதைத்ததும் வைக்கோல் பரப்புவது நம் வழக்கம். வைக்கோல் மட்டும் இருந்தால் பூனை அதை ஒதுக்கிவிட்டுக் கிளறும். வைக்கோலின் மேல் கருவேல முள் அல்லது இலந்தை முள்ளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட வேண்டும். முள் கிடைக்காவிட்டால் பருத்திமார், துவரைமார் போதும். ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, நான்கு விரற்கடை இடைவெளியில் பாத்தி முழுவதும் குத்தி நிறுத்தலாம். விதை முளைத்ததும் வைக்கோலை எடுக்கும்போது முள்ளையும் சேர்த்து எடுத்துவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. தொல்லை அதிகமாவது அப்போதுதான். வைக்கோலை அகற்றிவிட்டு முள்ளைத் திரும்ப வைத்துவிட வேண்டும். நாற்று வளர்ந்து மண்ணை மூடிய பிறகு பூனை அந்தப் பக்கம் அவ்வளவாக வராது.

மாலையில் பூவாளியால் நனைத்துவிட்டால் பூனை வராது என்பார்கள். ஈர மண் அதற்குப் பிடிக்காது என்பது உண்மையே. ஆனால் இரவு முழுவதும் ஈரம் நின்றால் நாற்றழுகல் நோய் வரும். பூனைக்குப் பயந்து நாற்றை அழுக விடுவது புத்திசாலித்தனமல்ல. காலையில் நீர் விடுவதே நல்லது. பழைய மீன் வலையைப் பாத்தி மேல் விரிக்கிறவர்கள் குச்சி நட்டு, அரை அடி உயரத்தில் விறைப்பாகக் கட்ட வேண்டும். தொய்வாகக் கிடந்தால் பாம்பும் ஓணானும் சிக்கிக்கொள்ளும். இன்னொன்று, மீன் அமிலம் தெளிக்கிற பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. நாற்றங்காலில் அதைத் தெளித்துவிட்டுப் பூனையைக் குறை சொல்லக் கூடாது.

பினாயில், மண்ணெண்ணெய், அந்துருண்டை இவற்றைப் பாத்தியில் போடவே கூடாது. அந்துருண்டையும் பினாயிலும் பூனைக்கு விஷம். மண்ணெண்ணெய் இளநாற்றைக் கருக்கிவிடும்.

விதை நஷ்டத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பூனைக் கழிவில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கக்கூடும். கர்ப்பமாக இருக்கும்போது ஒரு பெண்ணுக்கு இது முதன்முறையாகத் தொற்றினால் கருச்சிதைவு ஏற்படலாம். பிறக்கும் குழந்தையின் கண்ணும் மூளையும் பாதிக்கப்படலாம். வெள்ளாடு, செம்மறியிலும் இது குட்டி வீசச் செய்யும். கீரைப் பாத்தியில் களை எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான், அதுவும் வெறுங்கையால். கர்ப்பிணிகளை இந்த வேலைக்கு விடாமலிருப்பது அவசியம். மற்றவர்களும் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வேக வைத்த கீரையால் பயமில்லை. பச்சையாகச் சேர்க்கும் கொத்தமல்லி, புதினாவை நன்றாக அலச வேண்டும்.

புதிதாக இட்ட கழிவிலிருந்து இந்த நோய் உடனே தொற்றுவதில்லை. ஒட்டுண்ணி பக்குவமடைய ஒன்று முதல் ஐந்து நாள் பிடிக்கும். அதன் பிறகு ஈர மண்ணில் பல மாதம் உயிரோடிருக்கும். ஆகவே கண்ட அன்றே, சுற்றியுள்ள மண்ணோடு மண்வெட்டியால் அள்ளி, பாத்திக்கும் கிணற்றுக்கும் தூரத்தில் ஒரு முழ ஆழத்தில் புதைத்துவிட வேண்டும். எருக்குழியில் போடுவது சரியல்ல. அங்கே சூடு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஏறுவதில்லை. வீட்டுப் பூனையானால் ஆடு மாடு, பிள்ளைகள் போகாத ஒரு மூலையில், மழை படாத இடமாகப் பார்த்து இரண்டடி சதுரத்துக்கு ஆற்று மணல் கொட்டி, அள்ளிய மண்ணில் ஒரு பிடியை அதில் போட்டுவைக்கலாம். வாடை பிடித்து அங்கே போகப் பழகும். அந்த மணலையும் தினம் பார்த்து அள்ள வேண்டும்.

காட்டோரத் தோட்டங்களில் நரி வரும். நரியின் பழக்கம் நேர்மாறானது. அது புதைக்காது, எல்லை காட்டுவதற்காக வரப்பிலும் கல்லின் மேலும் மேட்டுப் பாத்தி ஓரத்திலும் எல்லோருக்கும் தெரியும்படி போட்டுவிட்டுப் போகும். உள்ளே எலி மயிரும் இலந்தைக் கொட்டையும் தெரிந்தால் நரியின் கழிவு என்று சந்தேகிக்கலாம். நாய், நரிக் கழிவில் மனிதருக்குத் தொற்றும் நாடாப்புழுவின் முட்டை இருக்கக்கூடும் என்பதால் இதையும் கையால் தொடக் கூடாது. நரி பாத்தியைத் தோண்டினால், அடியில் எலும்புத் தூளோ மீன் கழிவோ இட்டிருக்கிறோமா என்று யோசித்துப் பார்க்க வேண்டும். செத்த கோழியை வேலியோரம் எறிவது, அழுகிய தர்ப்பூசணியைக் குவித்து வைப்பது இரண்டும் நரிக்கு அழைப்பு. கோழியை மூன்றடி ஆழத்தில் புதைக்க வேண்டும். நரி வேலியைத் தாண்டுவதைவிட அடியில் பறித்து நுழைவதே அதிகம். அந்த இடத்தில் கருக்கு மட்டையை நெருக்கமாகப் பதித்து, கல் வைத்து அடைக்கலாம்.

விஷமோ, இறைச்சியில் வெடியோ வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்; சிறைத் தண்டனை உண்டு. அதோடு, கடலைக் கொல்லையில் எலியைப் பிடிப்பதும் இதே நரிதான். பாத்திக்கு வெளியே அது நடமாடிவிட்டுப் போகட்டும்.