கரும்பு டிரெய்லர்... இருட்டில் உயிர் காக்கும் ஏழு பின்!

இரவு எட்டு மணி. விழுப்புரம் பக்கத்துக் கிராமச் சாலை. எதிரே வந்த பஸ், ஹெட்லைட்டை முகத்தில் அடித்துவிட்டுப் போகிறது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பைக் ஓட்டுகிறீர்கள். திடீரென்று பத்தடி தூரத்தில் மலைபோல ஒரு கரும்பு டிரெய்லர்! பின்னால் பொட்டு வெளிச்சம்கூட இல்லை.

கரும்பு வெட்டும் காலத்தில் இந்தத் திகிலை அனுபவிக்காதவர்கள் குறைவு. 'லைட்கூட போடாம ஓட்டுறான் பாரு' என்று திட்டுவோம். ஆனால், பல நேரம் டிரைவர் ஸ்விட்சைப் போட்டுத்தான் இருப்பார். டிராக்டரின் விளக்குகளும் எரியும். டிரெய்லருக்கு மின்சாரம் போகவில்லை என்பது முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் இருக்கும் பிளக்தான் பெரும்பாலும் காரணம்.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் பைக், ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். டிரெய்லரை ஒரு நொடி முன்னதாகப் பார்ப்பதில் ஓர் உயிர் இருக்கிறது.

ஏழு பின்... யாருக்கு என்ன வேலை?

வழக்கமான 7 பின் பிளக்கில் ஒவ்வொரு பின்னுக்கும் ஓர் எண் உண்டு. 1 இடது இண்டிகேட்டர், 4 வலது இண்டிகேட்டர், 5 வலது டெயில் லைட், 7 இடது டெயில் லைட், 6 பிரேக் லைட், 3 எர்த். 2-ம் எண் பின்பக்க ஃபாக் லைட்டுக்கானது; அந்த லைட் இல்லாத டிரெய்லரில் சும்மா இருக்கும்.

வயரின் நிறத்தை நம்பி இணைக்காதீர்கள். கையில் கிடைத்த வயரைப் போட்டுவிடுவது நம்மூர் வழக்கம். ஒரே டிரெய்லரை இன்று உங்கள் டிராக்டரிலும், நாளை வாடகை டிராக்டரிலும் மாட்டும்போது, இடது இண்டிகேட்டர் போட்டால் வலதுபக்கம் மின்னும். பிளக்கின் உள்ளே பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து இணைத்தால் இந்தக் குழப்பம் வராது.

பச்சைக் களிம்பு

டிரெய்லரைக் கழற்றியதும் பிளக்கை அப்படியே மண்ணில் போட்டுவிடுவோம். சேறு, மழைத்தண்ணீர், உர மூட்டையிலிருந்து சிந்தும் உப்பு எல்லாம் உள்ளே போகும். சில வாரங்களில் பின்னைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பூக்கும். களிம்பு மின்சாரத்துக்குத் தடை. முதலில் விளக்கு மங்கும், பிறகு பள்ளத்தில் குலுங்கும்போது மட்டும் அணையும், கடைசியில் அடியோடு நின்றுவிடும்.

இதில் எர்த் பின்தான் முக்கியம். எல்லா விளக்குகளுக்கும் மின்சாரம் திரும்பிப் போகும் வழி அது ஒன்றுதான். பிரேக் பிடித்தால் டெயில் லைட் மங்குகிறதா? இண்டிகேட்டர் போட்டால் மற்ற விளக்குகளும் சேர்ந்து சிமிட்டுகிறதா? பல்பை மாற்ற ஓடாதீர்கள். முதலில் எர்த்தைப் பாருங்கள். டிரெய்லர் சட்டத்தில் எர்த் வயர் முறுக்கியிருக்கும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டிவிட்டு, போல்ட்டை நன்றாக இறுக்குங்கள்.

அரை மணி நேர வேலை

* முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள்.
* பிளக், சாக்கெட் இரண்டையும் பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். போகாத களிம்பை மெல்லிய உப்புத்தாளால் லேசாக எடுங்கள். கடையில் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே கிடைத்தால் இன்னும் நல்லது.
* நடுவில் பிளவு உள்ள பின் தளர்ந்திருந்தால், சிறு கத்தி முனையால் பிளவைத் துளி அகட்டுங்கள், பிடிப்பு வரும்.
* பிளக்கைத் திறந்து, உள்ளே இருக்கும் ஸ்க்ரூக்களை இறுக்குங்கள். நுனி கருத்த வயரை வெட்டிவிட்டு, புதிதாகச் சீவி மாட்டுங்கள்.
* நன்றாகக் காய்ந்த பிறகு பின்களில் வாஸ்லினை மெல்லிசாகத் தடவுங்கள். ஈரம் அண்டாது.
* ஃபியூஸ் போனால் செம்புக் கம்பியைச் சுற்றாதீர்கள். வயர் உருகித் தீப்பிடிக்கும். ஏற்றியிருப்பது காய்ந்த தோகை!

மீட்டர் ஏமாற்றும்

பிளக்கில் மல்டிமீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டும், பல்பு எரியாது. மீட்டருக்குத் துளி மின்சாரம் போதும், அது களிம்பைத் தாண்டியும் வந்துவிடும். 21 வாட் பிரேக் பல்புக்கு அது பத்தாது. அதனால் ஒரு 21 வாட் பல்பில் இரண்டு வயரை மாட்டிச் சோதிப்பதுதான் சரியான வழி.

புறப்படும் முன் இரண்டு நிமிடம்

வயர் தரையில் உரசக் கூடாது. வண்டி திரும்பும்போது இழுபடவும் கூடாது. கழற்றும்போது பிளக்கைப் பிடித்துக் கழற்றுங்கள், வயரை இழுக்காதீர்கள். கழற்றியதும் வாய் கீழே பார்க்க டிரெய்லரிலேயே ஒரு கொக்கியில் மாட்டிவையுங்கள். சாக்கெட் மூடியையும் மூடிவிடுங்கள்.

லோடு ஏற்றியபின் ஒருவர் சீட்டில் உட்கார்ந்து டெயில் லைட், பிரேக், இரண்டு இண்டிகேட்டர் என்று ஒவ்வொன்றாகப் போட, இன்னொருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். வீட்டுப் பிள்ளைகளே இதைச் செய்யலாம். தொங்கும் கரும்புத் தோகை விளக்கை மறைத்தால் வெட்டிவிடுங்கள். பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டிவையுங்கள். வழியில் வயர் அறுந்தாலும், பின்னால் வருபவரின் ஹெட்லைட் பட்டு அது மின்னும்.

டிராக்டரின் ஹெட்லைட் நமக்கு வழி காட்ட. டிரெய்லரின் சிவப்பு விளக்கு, பின்னால் பைக்கில் வரும் யார் வீட்டுப் பிள்ளைக்கோ. அது எரிகிறதா என்று ஒருமுறை இறங்கிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்!